அடை உட்காருமா?

நாட்டுக்கோழி என்று பலகை தொங்காத நெடுஞ்சாலை இன்று தமிழ்நாட்டில் இல்லை. பிரியாணிக் கடையிலும் பண்ணை வாசலிலும் செல்பேசி விளம்பரத்திலும் அதே பெயர்தான். குஞ்சு விற்பவர் அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டுகிறார். உள்ளே நூறு குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு கீச்சிடுகின்றன. எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே அளவு. “அசல் சிறுவிடை” என்று நம் ஊர்ச் சின்னக் கோழியினத்தின் பெயரைச் சொல்கிறார். வாங்குபவரும் நம்பி எடுத்துப்போகிறார். ஆறேழு மாதம் போகிறது. கோழிகள் கொழுகொழுவென வளர்ந்து, நாள் தவறாமல் முட்டை வைத்து, ஒன்றுகூட அடைக்குப் படுக்காமல் திரியும்போதுதான் தான் வாங்கியது வேறு எதையோ என்று அவருக்குப் புரிகிறது.

கோழி வளர்ந்தது, முட்டையும் வைத்தது, இதில் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நட்டம் பெரிது என்பது என் எண்ணம். அதைச் சொல்வதற்கு முன் கலப்பினக் கோழிகளின் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்.

ஐதராபாத் ராஜேந்திரநகரில் இருக்கும் மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் வனராஜாவையும் கிராமப்பிரியாவையும் உருவாக்கியது. கர்நாடகத்திலிருந்து கிரிராஜா வந்தது. நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நந்தனம் கோழிகளைத் தந்தது. உத்தரப் பிரதேசத்தின் இஜத்நகரில் உள்ள மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிறுவனம் சண்டைக்கோழியான அசிலைக் கலந்து நிர்பீக் என்றும், கருங்கோழியான கடக்நாத்தைக் கலந்து ஷியாமா என்றும் கோழிகளை உண்டாக்கியது. புறக்கடையில் நாலு கோழி வைத்திருக்கும் ஏழைப் பெண்ணுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் முட்டையும் கறியும் கிடைக்கட்டும் என்று படித்தவர்கள் பல ஆண்டு பாடுபட்டு உண்டாக்கிய கோழிகள் இவை. அவற்றை உண்டாக்கியவர்கள் யாரும் அவற்றைச் சிறுவிடை என்று சொல்லவில்லை. பொரிப்பகத்தில் ஒரு பெயரோடு இருக்கும் குஞ்சு, தரகர் கை, வேன்காரர் கை, கடைக்காரர் கை என்று மாறி வீடு சேர்வதற்குள் இன்னொரு பெயர் எடுத்துக்கொள்கிறது. கோளாறு அந்த வழியில்தான் நடக்கிறது.

இன்னொரு வரத்தும் உண்டு. முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் பெட்டைக் குஞ்சுக்குத்தான் விலை. சேவல் குஞ்சு முட்டையிடாது, பிராய்லர் மாதிரி எடையும் கூடாது. அவற்றில் ஒரு பங்கு பச்சையும் ரோஸும் சாயம் ஏற்றிக்கொண்டு கலர்க் குஞ்சு என்று சைக்கிளில் தெருத்தெருவாக வரும். இன்னொரு பங்கு எங்கோ ஒரு கொட்டகையில் வளர்ந்து, ‘நாட்டுச் சேவல்’ ஆகிக் கசாப்புக் கடையில் தொங்கும்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? நம் ஊர்க் கோழி விஷயத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒரே மாதிரி இருப்பதைத்தான். சிறுவிடைத் தாய் ஒன்று பொரித்துக் கூட்டிவரும் குஞ்சுகளைக் கவனியுங்கள். ஒன்று கருப்பு, ஒன்று சாம்பல், ஒன்று செவலை, ஒன்று புள்ளி. நடுவே கழுத்தில் மயிரில்லாத ஒன்றும் இருக்கலாம். நிறத்துக்காக அவற்றை யாரும் தேர்ந்தெடுத்து வளர்த்ததில்லை. பருந்துக்குத் தப்புவது, குப்பையைக் கிளறித் தானே தின்பது, அடையிருந்து பொரிப்பது, பொரித்ததைக் காப்பது என்று வாழ்க்கைதான் அவற்றைத் தேர்ந்தெடுத்தது. அதனால் நிறத்தில் அவிழ்த்துவிட்டதுபோல் இருந்தாலும் குணத்தில் எல்லாம் ஒன்றாக இருக்கும். பெட்டை ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின். கால் மெலிவு. பொழுது சாய்ந்தால் முருங்கையிலோ வேம்பிலோ பறந்து ஏறிவிடும். பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்ததும் கேறிக்கொண்டு திரியும், பிறகு அடைக்குப் படுக்கும். ஆண்டில் மூன்று நான்கு ஈடு வைக்கும். முட்டை நாற்பது கிராமை ஒட்டி இருக்கும்.

பொரிப்பகக் கலப்பில் இது தலைகீழ். வரிசையாக நிறுத்தினால் எது எது என்று சொல்ல முடியாத ஒருமை. தடித்த கால், அகன்ற மார்பு, கனத்தால் பறக்க மாட்டாத உடம்பு. ஐம்பது கிராமுக்கு மேல் நிறுக்கும் பழுப்பு முட்டை. இரண்டு வெவ்வேறு தேர்ந்த வழிகளைச் சேர்த்தால் முதல் தலைமுறை ஒரே அச்சாக வரும் என்பது மரபியலின் பால பாடம். பெட்டிக்குள் நூறும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டு வாங்குபவர் மகிழ்கிறார். எச்சரிக்கை ஆகவேண்டிய இடமே அதுதான்.

கருங்கோழிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பக்கத்துப் பறவை. பில், பிலாலா பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது. 2018-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை ஏறியது, கூடவே போலியும் ஏறியது. அங்கே ஒருமைதான் அடையாளம். கொண்டை, அலகு, நாக்கு, தோல், கறி, எலும்பை மூடிய சவ்வு வரை கருமை ஓடியிருக்கும். பார்க்கத் தெரிந்தவர் இறகின் நிறத்தில் மயங்குவதில்லை. இறகு கருத்த கோழி ஊருக்கு ஊர் உண்டு. அவர் கோழியின் வாயைப் பிரித்து நாக்கையும் அண்ணத்தையும் பார்ப்பார். இறக்கையைத் தூக்கி, அக்குளில் வெயிலே படாத தோலைப் பார்ப்பார். பின்புற மயிரை ஒதுக்கிப் பார்ப்பார். கொண்டையை விரலால் அழுத்தி, உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று கவனிப்பார். கலப்பில் ஏதோ ஓரிடத்தில் இளஞ்சிவப்பு எட்டிப்பார்த்துவிடும். கருங்கோழி கருப்பு முட்டை வைக்கும் என்று சொல்லி விற்பவரிடம் அதற்கு மேல் பேசவே வேண்டியதில்லை. அதன் முட்டை மங்கிய வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோதான் இருக்கும்.

இவ்வளவு பார்த்தும் ஏமாற இடம் உண்டு. அதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இந்தக் கருமையின் மூலத்தை 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. கோழியின் 20-ஆம் குரோமோசோமில் ஈ.டி.என்.3 என்ற மரபணுவை உள்ளடக்கிய பகுதி ஒரு காலத்தில் இரட்டித்துப் புரண்டு அமைந்துவிட்டது. சீனத்துச் சில்கிக்கும் இந்தோனேசியாவின் அயாம் செமானிக்கும் கருமை தருவது அதுவே. தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்தாலே அது வேலையைக் காட்டும். ஆனால் தோலில் கருமை ஏறாமல் தடுக்கும் இன்னொரு மரபணு உண்டு. பல சாதாரணக் கோழிகளிடம் இருக்கும் அந்தத் தடுப்பு, பாலினத்தோடு ஒட்டிய குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குரோமோசோம் சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் தகப்பனிடமிருந்து வருவது.

விளைவைப் பாருங்கள். கருங்கோழிச் சேவலை, தடுப்பு உள்ள வெளிர்கால் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் பெண் மக்களுக்குத் தாயின் தடுப்பு வந்து சேராது. அவை தகப்பனைப் போலவே கன்னங்கரேல் என்று வரும். ஆண் மக்களோ தாயிடமிருந்து தடுப்பைப் பெற்று வெளிறிப்போகும். மரபியல் அறிஞர்கள் பேட்ஸனும் பன்னெட்டும் கேம்பிரிட்ஜில் சில்கிச் சேவலைப் பழுப்பு லெகார்ன் பெட்டையோடு சேர்த்துப் பார்த்துக் கண்டது இது. 1911-ல் எழுதி வைத்தார்கள். ஆக, நாக்கும் தோலும் கருத்த ஒரு பெட்டை கையில் இருந்தாலும் அது பாதி ரத்தமாக இருக்கலாம். அதை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த உடம்பு சொல்லாது. கூடப்பிறந்த சேவலைப் பார்த்தால் தெரியும். அதன் வயிற்றில் பிறக்கப்போவதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பாதி ரத்தச் சேவலும் பெட்டையும் கூடினால் அடுத்த ஈட்டில் கருப்பு, சாம்பல், வெளுப்பு என்று குஞ்சுகள் சிதறிவிடும்.

அப்படியானால் அசல் என்பது எங்கே இருக்கிறது? ரத்தத்தில் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் கலப்பே இல்லாத கோழி உலகில் எதுவும் இல்லை. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. என்றாலும் மஞ்சள் கால், மஞ்சள் தோல் அதனிடமிருந்து வரவில்லை. சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டறிந்தார்கள். தென்னிந்தியக் காடுகளில், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றும் கூவிக்கொண்டிருக்கும் பறவை அது. உலகம் முழுதும் கோடிக்கணக்கான பண்ணைக்கோழிகளின் மஞ்சள் காலில் நம் மலைக்காட்டுக் கலப்பு இருக்கிறது. அசிலின் கதையும் அப்படியே. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கொண்டுபோன அசிலை வைத்து இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு இனத்தை உண்டாக்கினார்கள். கார்னிஷ் என்ற அந்த இனத்தின் அகன்ற மார்புதான் பிறகு பிராய்லருக்குப் போயிற்று. நாம் ஏளனமாகப் பேசும் வெள்ளைக் கறிக்கோழிக்குள் நாம் போற்றும் சண்டைச் சேவலின் ரத்தம் ஓடுகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ரெட் மலாய்ச் சேவல் உட்படப் பல ஊர்க் கோழிகள் கலந்து உண்டானது. 1904-ல் அங்குள்ள கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனம் என்று ஏற்றது.

நேற்றைய கலப்பு இன்றைய அசல் ஆகியிருக்கிறது. ஆக்கியது யார்? தலைமுறை தலைமுறையாக எதை எதோடு சேர்ப்பது, எதைச் சேர்க்கக் கூடாது என்று கவனித்து, தவறிப் பிறந்ததை விலக்கி, கணக்கு வைத்த மனிதர்கள். அந்தக் கவனம் நீடித்தால் கோழி தன்னைப் போலவே குஞ்சு தரத் தொடங்குகிறது. அப்போதுதான் அதற்கு இனம் என்ற பெயர் கிடைக்கிறது. கவனம் விட்டுப்போனால் எவ்வளவு உயர்ந்த இனமும் சில ஈடுகளில் கரைந்துவிடும். இறகைவிட, ரத்தத்தைவிட, யாரோ விடாமல் வைத்திருந்த நினைவில்தான் இனம் இருக்கிறது.

அந்த நினைவு நம்மிடம் நிறையவே இருந்தது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு எடுத்த நடுகல் இருக்கிறது. சுமார் 1,500 ஆண்டுப் பழமையானது. சேவலின் உருவத்தோடு அது எந்தச் சேரியின் கோழி என்றும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இந்தளூர் நடுகல்லில் பொற்கொற்றி என்று கோழிக்குப் பெயரே இருக்கிறது. வீரனுக்கு நட்டதுபோல் கோழிக்கும் கல் நட்டு, அது இன்னாருடையது என்று எழுதத் தோன்றிய மக்கள் அவர்கள். இன்றும் திண்டுக்கல் பக்கம் கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்ப்பவர்கள் சேவலைக் காட்டும்போது அதன் தகப்பனையும் பாட்டனையும் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். கண்காட்சிப் பரிசு வாங்காத வீடுகளிலும் இந்த நினைவு உண்டு. பக்கத்து வீட்டுக்கு வாரத்துக்கு விட்ட கோழி, பிறந்த வீட்டிலிருந்து மகள் கொண்டுவந்த கோழி என்று பெண்கள் வாய்க்கணக்காகவே பரம்பரை வைத்திருந்தார்கள். பஞ்சாரத்துக்குள் இருக்கும் கோழி யார் வீட்டு வழி என்று அவர்களுக்குத் தெரியும்.

அய்யலூர் வியாழச் சந்தையில் ஒரு மூதாட்டி கோழி பார்த்ததை நின்று கவனித்திருக்கிறேன். கோழியை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெஞ்சு மயிரைக் குனிந்து ஊதினார். மயிர் விலகித் தோல் தெரிந்தது. நெஞ்செலும்பை விரலால் வருடினார். காலைப் பிடித்துத் திருப்பினார். பிறகு விற்கிற பையனை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க பொரிச்சதுப்பா?”

“நம்ம பண்ணைதான் ஆத்தா.”

“மிஷின்ல பொரிச்சதா, கோழி பொரிச்சதா?”

“மிஷின்தான். எல்லாம் அசல் நாட்டுக்கோழி ஆத்தா, தைரியமா எடுத்துட்டுப் போங்க.”

“இதோட தாய் அடை உக்காருமா?”

“அடையெல்லாம் எதுக்கு ஆத்தா? வருசத்துக்கு நூத்தம்பது முட்டை வைக்கும்.”

“முட்டை கடையிலயே கெடைக்குது சாமி. எனக்குக் குஞ்சுல்ல வேணும்.”

கோழியை மெதுவாக இறக்கி விட்டுவிட்டு, சந்தையின் அந்தக் கோடியில் கூடையில் இரண்டு பெட்டை வைத்துக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணை நோக்கிப் போனார்.

நிறம், எடை, கால் எல்லாம் பார்த்த பிறகும் அவர் கடைசியாகக் கேட்டது கையில் இருக்கும் கோழியைப் பற்றி அல்ல. அதன் தாயைப் பற்றிக் கேட்டார், அதற்குப் பிறக்கப்போகும் குஞ்சைப் பற்றி நினைத்தார். இனத்தின் பெயர் எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கண்முன் நிற்கும் கோழியைச் சொல்ல அதற்குப் பெயரே வேண்டாம், கண் இருக்கிறது. இன்னும் முட்டைக்குள்கூட வராத குஞ்சு எப்படி இருக்கும் என்று சொல்லத்தான் பெயர் வேண்டும். சிறுவிடை என்று சொல்லி விற்பவர், இது அடை உட்காரும், இதன் மகளும் உட்காருவாள், நீ திரும்ப என்னிடம் வர வேண்டியதில்லை என்று வாக்குக் கொடுக்கிறார். பெயரை மாற்றி விற்றால் பறிபோவது அந்த வாக்கு.

அதனால்தான் நட்டம் பெரிது என்றேன். முட்டை எண்ணிக்கை கூடுவதற்காகத் தேர்ந்தெடுக்கும்போது அடைக்குணம் கழிந்துவிடுகிறது. அடையில் உட்கார்ந்த கோழி முட்டை வைப்பதை நிறுத்திவிடும் என்பதால், முட்டைக்காக வளர்ப்பவருக்கு அது குறை. முட்டைக்கென்று வாங்கினால் அதில் தவறே இல்லை. ஆனால் ஒரு ஏழை வீட்டில் கோழி என்பது தானே பெருகும் சொத்து. பள்ளிக்கூடச் செலவுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று என்று விற்றாலும் அறுத்தாலும் கூட்டில் தாய் இருந்தால் மறுபடி வந்துவிடும். அடை உட்காராத கோழியை அசல் என்று நம்பி வாங்கியவர் அடுத்த ஆண்டு மறுபடி குஞ்சுப் பெட்டிக்காரரிடம் நிற்கிறார். விதைக்கு எடுத்துவைக்க முடியாத வீரிய விதையை வாங்கிய விவசாயி கடைக்குத் திரும்பத் திரும்ப நடப்பது போலத்தான். அந்த விவசாயிக்காவது பையின்மேல் வீரிய விதை என்று அச்சடித்திருப்பார்கள்.

கோழிக்கு இந்தப் பாகுபாடு எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடையிலிருக்கும் சிறுவிடையின் கீழ் கருங்கோழி முட்டை வைத்தாலும் வாத்து முட்டை வைத்தாலும் தன் சூட்டைக் கொடுத்துப் பொரித்துவிடும். பொரிந்து வந்தது எதுவாக இருந்தாலும் இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும், பருந்து வட்டமிட்டால் அதற்காகவும் சிலிர்த்து எழும். முட்டை யாருடையது என்று அது கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். கேட்க வேண்டியவர்கள் நாம். இனம் பிரித்ததும் பெயர் வைத்ததும் விலை வைத்ததும் நாம்தான் என்பதால், சொன்ன பெயருக்கு உண்மையாக இருக்கும் பொறுப்பும் நம்முடையதே. கலப்புக் கோழியைக் கலப்பு என்று சொல்வதால் அதற்கு ஒரு குறைவும் வந்துவிடாது. வனராஜா என்று பெட்டியில் எழுதி விற்றால் வனராஜாவுக்கே மதிப்பு. வேண்டியவர்கள் தெரிந்தே வாங்குவார்கள்.

வாங்குபவர் கேட்கவும் பழக வேண்டும். தாய்க்கோழிகளைக் காட்டு, கூடப்பிறந்த சேவலைக் காட்டு, முட்டையை நிறுத்துக் காட்டு, அடை உட்கார்ந்த கோழி உன் பண்ணையில் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்கலாம். உண்மையாக இனம் காப்பவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை. மணிக்கணக்காக நிற்கவைத்து ஒவ்வொரு கோழியின் பூர்வீகத்தையும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இதில் அவசரமும் இருக்கிறது. பண்ணைக் கோழி வேலிக்குள் இருக்கும். புறக்கடைக் கோழி தெருவுக்கே சொந்தம். நாட்டுச் சேவல் என்ற பெயரில் ஊருக்குள் வந்த கலப்புச் சேவல் ஒன்று, திடமாக, மற்றச் சேவல்களை விரட்டிவிட்டு, அந்தத் தெருவின் பெட்டைகள் எல்லாவற்றோடும் சேரும். யாரும் காசு கொடுத்து வாங்காத வீடுகளின் கோழிகளுக்குள்ளும் அது போய்ச் சேர்கிறது. சில ஈடுகளுக்குப் பிறகு அந்த ஊரில் எந்தப் பெட்டை அடை உட்காரும், எது உட்காராது என்று பாட்டிகளாலும் சொல்ல முடியாது. அதை வாங்கிவந்த வீட்டுக்காரி கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. பெட்டியின்மேல் கலப்பு என்று எழுதியிருந்தால் அவள் அந்தச் சேவலைக் கறிக்கு வைத்துக்கொண்டிருப்பாள், தெருவில் விட்டிருக்க மாட்டாள்.